ஒரே குளிர்காலம், ஆறு கச்சேரிகள்: நீல் யங்கில் எதை முதலில் கேட்பது?

கனடாவில் பிறந்த ராக் பாடகர் நீல் யங் தனி ஆளாக மேடையேறிப் பாடிய ஒரே ஒரு குளிர்காலத்திலிருந்து மட்டும் ஆறு கச்சேரிகள் இப்போது முறையான ஆல்பங்களாகக் கிடைக்கின்றன. வாஷிங்டனில் செல்லர் டோர், நியூயார்க்கில் கார்னகி ஹால், டொராண்டோவில் மாஸி ஹால், கனெக்டிகட்டின் ஸ்ட்ராட்ஃபோர்ட் ஊரில் ஷேக்ஸ்பியர் தியேட்டர், கடைசியாக லாஸ் ஏஞ்சலஸில் ராய்ஸ் ஹாலும் டோரதி சாண்ட்லர் பவிலியனும். 1970 நவம்பர் 30-இல் தொடங்கி 1971 பிப்ரவரி 1-இல் முடிகிற ஒன்பது வாரங்கள். ஒரு கிட்டார், ஒரு பியானோ, கழுத்தில் மாட்டிய ஹார்மோனிகா. பக்கவாத்தியம் என்று யாரும் கிடையாது.

பாடல்களும் பெரும்பாலும் அவையேதான். அப்படியிருக்க ஆறு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரே வித்வான், ஒரே தோடி, டிசம்பர் சீசனில் சபாவில் பாடியதும் ஊர்க் கோயில் உற்சவத்தில் பாடியதும் ஒன்றா? டேப் சேர்க்கிற மாமாக்கள் எந்த வருஷத்துத் தோடி உசத்தி என்று மணிக்கணக்கில் பேசுவார்களே, நீல் யங் ரசிகர்களிடமும் அதே வழக்கு இருக்கிறது. நானும் பல வருஷமாக அந்த வழக்கில் ஒரு கட்சி. ஆனால் ஆறையும் வாங்கச் சொல்ல மாட்டேன். எது எதற்கு என்று தெரிந்து கேட்டால் போதும்.

முதலில் ஆள் எப்படி இருந்தார் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அப்போது நீலுக்கு 25 வயது. அவர் இருந்த பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டு குழு உடைந்துவிட்டது, கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் ஆகியோருடன் சேர்ந்து பாடி நாடு முழுக்கப் பேர் வாங்கியாயிற்று, ‘ஆஃப்டர் தி கோல்டு ரஷ்’ ஆல்பம் 1970 செப்டம்பரில் வந்து ஓடிக்கொண்டிருக்கிறது. வடக்குக் கலிபோர்னியாவில் புதிதாக ஒரு பண்ணை வாங்கியிருக்கிறார். முதுகுத் தண்டில் கோளாறு, கனமான எலக்ட்ரிக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்க முடியாத காலம், அதனால் நாற்காலியில் உட்கார்ந்து அகூஸ்டிக் கிட்டார், எழுந்து போனால் பியானோ. புதுப் பாடல்கள் மட்டும் வந்து கொட்டிக்கொண்டே இருக்கின்றன. இந்த ஆறு பதிவுகளையும் தேதி வரிசையில் கேட்டால் ஒரு மனிதர் தன் அடுத்த ஆல்பத்தை மக்கள் முன்னாலேயே எழுதிக்கொண்டு போவது காதில் விழும். டிசம்பர் தொடக்கத்தில் கார்னகி ஹாலில் ‘ஹார்ட் ஆஃப் கோல்டு’ இல்லை, ‘தி நீடில் அண்ட் தி டேமேஜ் டன்’ இல்லை, ‘எ மேன் நீட்ஸ் எ மெய்ட்’ இல்லை. ஆறு வாரம் கழித்து டொராண்டோவில் மூன்றும் இருக்கின்றன.

மாஸி ஹாலில் தொடங்குகிறேன், ஏனென்றால் போட்டியே அதற்கும் மற்றவற்றுக்கும் நடுவில்தான். 1971 ஜனவரி 19 அன்று நடந்த கச்சேரி, 2007 மார்ச்சில்தான் ஆல்பமாக வந்தது. நீலின் தயாரிப்பாளர் டேவிட் பிரிக்ஸ் இந்தப் பதிவை அப்போதே அடுத்த ஆல்பமாக வெளியிடச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றார். நீலுக்கோ நாஷ்வில்லில் பதிவு செய்த புது ‘ஹார்வெஸ்ட்’ மேல் மோகம், அதுதான் வெளிவர வேண்டும் என்றார், வந்தது, 1972-இல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற ஆல்பமும் ஆயிற்று. முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து டேப்பை எடுத்துக் கேட்டபோதுதான் பிரிக்ஸ் ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தார் என்று புரிகிறது என நீலே ஒப்புக்கொண்டார். பிரிக்ஸ் அதைக் கேட்க இல்லை, 1995-லேயே காலமாகிவிட்டார்.

மாஸி ஹால் 1894-இல் கட்டிய அரங்கம், 2,500 பேருக்கு மேல் உட்காரலாம். அவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பதே பாட்டு நடக்கும்போது தெரியாது, அப்படி ஓர் அமைதி, முடிந்ததும் கூரை பெயர்கிற கைதட்டல். நீல் பிறந்தது டொராண்டோவில். ‘ஹெல்ப்லெஸ்’ பாட்டில் வடக்கு ஒன்டாரியோவில் ஓர் ஊர் என்று முதல் வரியைத் தொடுகிறார், கூட்டம் அங்கேயே கைதட்டி எழுகிறது. ‘ஜர்னி த்ரூ தி பாஸ்ட்’ கனடாவுக்குத் திரும்பிப் போகிறேன், பிப்ரவரி வரும்வரை வரமாட்டேன் என்று சொல்கிற பாட்டு, அதை ஜனவரி மாதம் கனடாவிலேயே உட்கார்ந்து பாடுகிறார். ‘தி நீடில்’ தொடங்கும் முன்னால் பேசுகிறாரே, அதை ஒருமுறை தனியாகக் கேட்டுப் பாருங்கள். கனடாவை விட்டுத் தெற்கே போய் அஞ்சு வருஷம் ஆகிறது, போன இடத்தில் நல்லதும் பார்த்தேன் கெட்டதும் பார்த்தேன், உலகம் கேட்காமலே போன அருமையான வாத்தியக்காரர்கள் இருக்கிறார்கள், ஹெராயின்தான் காரணம் என்று ஊர்க்காரர்களிடம் கணக்கு ஒப்புவிப்பது மாதிரி சொல்கிறார். அவர் மனதில் இருந்தது அவரோடு வாசித்த கிரேஸி ஹார்ஸ் குழுவின் டேனி விட்டன். 1972 நவம்பரில் விட்டன் இறந்தே போனார். அந்த முன்னுரை வேறு எந்த ஊரிலும் அதே பொருளில் ஒலிக்காது.

இன்னொரு காரணம் ‘எ மேன் நீட்ஸ் எ மெய்ட்’ பாட்டும் ‘ஹார்ட் ஆஃப் கோல்டு’ பாட்டும். ‘ஹார்வெஸ்ட்’ ஆல்பத்தில் இரண்டும் தனித்தனி, முதலாவதற்கு லண்டன் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா முழுசாக வாசிக்கும், இரண்டாவது ஹார்மோனிகாவும் கிட்டாருமாக ரேடியோவில் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் மனப்பாடம். மாஸி ஹாலில் இரண்டும் ஒரே பாட்டு, பியானோவில். முதல் பாட்டின் தனிமையும் கூச்சமும் அப்படியே வழிந்து இரண்டாவதற்குள் போகின்றன, அங்கே ‘ஹார்ட் ஆஃப் கோல்டு’ ஒரு ஹிட் பாட்டாக இல்லை, முதல் பாட்டில் சொல்ல முடியாததை வேறு வார்த்தையில் சொல்லிப் பார்க்கிற முயற்சியாக இருக்கிறது. ஆர்க்கெஸ்ட்ரா வடிவம் எனக்கு எப்போதுமே கொஞ்சம் பாரம், பியானோ வடிவத்தைக் கேட்ட பிறகு அதற்குத் திரும்பவே முடியவில்லை. கூட்டம் அந்தப் பாட்டை வாழ்க்கையில் முதல்முறை கேட்கிறது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருஷம் கழித்து அமெரிக்காவில் முதலிடம் பிடிக்கப்போகிற மெட்டு.

சரி, ஷேக்ஸ்பியர் தியேட்டருக்கு வருவோம். மாஸி ஹாலுக்கு மூன்றே நாள் கழித்து, ஜனவரி 22. ‘யங் ஷேக்ஸ்பியர்’ என்ற பெயரில் 2021 மார்ச்சில் வெளிவந்தது, கச்சேரி நடந்து ஐம்பது வருஷம் நிறைந்த வேளையில். இதில்தான் வழக்கு சூடு பிடிக்கிறது, ஏனென்றால் இது மாஸி ஹாலைவிட உசத்தி என்று சொன்னவர் வேறு யாருமில்லை, நீல் யங்கேதான். மாஸி ஹாலின் கொண்டாட்டம் இதில் இல்லை, இது அதைவிட அமைதியான கச்சேரி என்பது அவர் வாதம்.

அவர் சொல்வதில் பாதி உண்மை. குரல் இங்கே இன்னும் தளர்வாக, அவசரமில்லாமல் இருக்கிறது, ‘கவ்கேர்ள் இன் தி சாண்டு’ பாட்டைக் கிட்டாரில் வாசிக்கும்போது ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக விழுவது கேட்கிறது, ‘டோன்ட் லெட் இட் பிரிங் யூ டவுன்’ மாஸி ஹாலில் இருப்பதைவிட எனக்கு இங்கேதான் பிடித்திருக்கிறது. ஜெர்மன் தொலைக்காட்சிக்காக இந்தக் கச்சேரியைப் படம் பிடித்தார்கள், நீலின் கச்சேரிப் படங்களில் நமக்குத் தெரிந்த வரை இதுதான் மிகப் பழையது, முடி முகத்தில் விழ, தலை குனிந்தபடி, அந்த வயதில் அந்த விரல்கள் எப்படிப் போகின்றன என்பதைப் பார்க்கவேண்டுமென்றால் இதைத் தவிர வேறு வழி இல்லை. அந்த அரங்கமும் இப்போது இல்லை. 2019 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்து போயிற்று.

ஆனால் அமைதி என்பதை மட்டும் தராசில் வைத்து எடை போட முடியாது. மொத்தம் 12 பாடல்கள்தான், மாஸி ஹாலில் 17. ‘சீ தி ஸ்கை அபவுட் டு ரெயின்’ இல்லை, ‘லவ் இன் மைண்ட்’ இல்லை, ‘பேட் ஃபாக் ஆஃப் லோன்லினெஸ்’ இல்லை. இதைவிட முக்கியம், நீல் குறை மாதிரிச் சொல்கிற அந்தக் கொண்டாட்டம்தான் மாஸி ஹாலின் உயிர் என்று நான் நினைக்கிறேன். ஊரை விட்டுப் போன பையன் பேரோடு திரும்பி வந்து, கையில் யாரும் கேட்டிராத பாட்டுகளை வைத்துக்கொண்டு, இதெல்லாம் புதுசு, கேளுங்கள் என்று பாடுகிறான். ஊர் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறது. அந்த அன்பும் பதற்றமும் கலந்த இறுக்கம் குரலில் தெரிகிறது, நீலுக்கு அது இன்றைக்குக் கொஞ்சம் அதிகப்படியாகப் படலாம், பாடியவருக்குத் தன் பதற்றம் பிடிக்காமல் போவது இயல்புதான். கேட்கிற எனக்கு அதுதான் வேண்டும். இந்த விஷயத்தில் நான் பிரிக்ஸ் பக்கம்.

‘ஷேக்ஸ்பியர்’ கட்சிக்காரர்கள் ‘சுகர் மவுண்டன்’ பாட்டைக் காட்டுவார்கள், மாஸி ஹால் ஆல்பத்தில் அது இல்லை, இங்கே அதோடுதான் கச்சேரி முடிகிறது. அதில் அவர்களுக்கு முழு மார்க்கும் கொடுக்கலாம். 1964-இல் பத்தொன்பதாவது பிறந்த நாளன்று ஒன்டாரியோவின் ஃபோர்ட் வில்லியமில் எழுதிய பாட்டு, இருபது வயதானால் உள்ளே விடாத ஒரு திருவிழாத் திடலைப் பற்றியது. இருபத்தைந்து வயதில் அதைப் பாடும்போது அது வேறொரு பாட்டாகிவிடுகிறது.

இந்த இரண்டுக்கும் வெளியே நின்று நான் உண்மையில் அதிகமாகக் கேட்கிற பதிவு செல்லர் டோர். இதைச் சொன்னால் நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதியில் இருந்த ஒரு சின்ன கிளப், 200 பேர்கூட உட்கார முடியாது. நவம்பர் 30 முதல் டிசம்பர் 2 வரை மூன்று நாளில் ஆறு கச்சேரிகள் பாடினார், கார்னகி ஹாலுக்குப் போகும் முன்னால் கை பழக்கிக்கொள்வதற்காக. அந்த ஆறிலிருந்தும் பொறுக்கிய 13 பாடல்கள் 2013 டிசம்பரில் ஆல்பமாயின. அந்தச் சின்ன அறைக்கு அது என்ன ராசியோ, அதே டிசம்பரில் ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் நான்கு இரவுகள் அங்கே வாசித்ததைப் பதிவு செய்தார்கள், மாதக் கடைசியில் ஜான் டென்வர் ‘டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்’ பாட்டை முதன்முதலாக மேடையேற்றியதும் அங்கேதான்.

செல்லர் டோரில் நீல் ஒரு பியானோக்காரர். அதுதான் அதன் தனித்தன்மை. ‘எக்ஸ்பெக்டிங் டு ஃப்ளை’ முதலில் ஆர்க்கெஸ்ட்ரா வைத்துப் பதிவு செய்த பாட்டு, இங்கே பியானோவில் எலும்புக்கூடாக நிற்கிறது, நிற்கவும் முடிகிறது. அப்புறம் ‘சின்னமன் கேர்ள்’. அந்தப் பாட்டே ஒரு எலக்ட்ரிக் கிட்டார் முழக்கத்துக்காகப் பிறந்தது, இரண்டு ஓரத் தந்திகளையும் இறக்கிச் சுருதி சேர்த்து, கரகரவென்று ஒரு ஒலி, இடையில் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு சோலோ. அதைப் போய்ப் பியானோவில் வாசிக்கிறார், முடித்துவிட்டு, இதைப் பியானோவில் வாசிப்பது இதுதான் முதல் தடவை என்று சொல்கிறார். முழுசாகக் கைகூடியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தெரிந்த பாட்டை ஒரு மனிதர் கையால் தடவித் தடவித் தேடுவதைப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பார்க்கிற உணர்வு வேறு எந்தப் பதிவிலும் இல்லை. கடைசிப் பாட்டுக்கு முன்னால் பியானோவின் உள்ளே கையை விட்டுத் தந்திகளை மீட்டிக்கொண்டே நெடுநேரம் பேசுகிறார், மூடி திறந்த கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி ஒரு சத்தம், முதல்முறை கேட்டபோது இரவுப் பேருந்தில் இருந்தேன், ஹெட்போனைக் கழற்றி வெளியே ஏதோ சத்தமோ என்று பார்த்தேன்.

செல்லர் டோரின் குறை இரண்டு. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மற்றது, ஒரே இரவின் கச்சேரி அல்ல, ஆறு கச்சேரிகளை வெட்டி ஒட்டியது. கச்சேரிப் பதிவில் எனக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் கூட்டம் எப்படி மெல்ல மெல்ல அவர் பக்கம் சாய்கிறது, அவர் எந்த இடத்தில் களைக்கிறார், எங்கே மறுபடி பிடித்துக்கொள்கிறார் என்பதெல்லாம் வெட்டினால் போய்விடும்.

அதற்கு நேர்மாறு கார்னகி ஹால். டிசம்பர் 4 இரவுக் கச்சேரி, 23 பாடல்கள், முழுசாக, 2021 அக்டோபரில் வெளிவந்தது. கார்னகி ஹால் என்றால் நமக்கு 1977-இல் எம்.எஸ். பாடிய மேடை, அந்தப் பெயரைக் கேட்டாலே முதுகை நிமிர்த்தி உட்காரத் தோன்றும், நீலுக்கும் அன்று அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், பாட்டில் ஒரு கவனமான விறைப்பு இருக்கிறது. பல வருஷமாகத் திருட்டுப் பதிவாகச் சுற்றிக்கொண்டிருந்தது நள்ளிரவில் நடந்த இரண்டாவது கச்சேரி. இது முதல் கச்சேரி. திருட்டுப் பதிவுகளின் அட்டையையே எடுத்துக்கொண்டு, உள்ளே மட்டும் மூல டேப்பின் சுத்தமான ஒலியை வைத்து, ‘அதிகாரபூர்வ பூட்லெக்’ என்று ஒரு வரிசை தொடங்கினாரே, அதன் முதல் ஆல்பம்.

என் கல்லூரி நண்பன் ஒருவன் கார்னகி கட்சி. அவன் வாதம்: பழைய நீலும் புதிய நீலும் ஒரே மேடையில் சேர்ந்து இருப்பது இதில் மட்டும்தான். நியாயம்தான். பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டு காலத்து ‘நவடேஸ் கிளான்சி கான்ட் ஈவன் சிங்’ இருக்கிறது, ‘தி லோனர்’ இருக்கிறது, ‘சதர்ன் மேன்’ ஒற்றைக் கிட்டாரில் இருக்கிறது, 1983-இல்தான் வேறொரு வேஷத்தில் ஆல்பத்துக்கு வந்த ‘வொண்டரின்’ இருக்கிறது. ‘ஒஹாயோ’ பாட்டைக் கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷோடு நான்கு பேராக எலக்ட்ரிக்கில் பாடியதுதான் எல்லோருக்கும் தெரியும், 1970 மே 4 அன்று கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட நான்கு மாணவர்களைப் பற்றிய பாட்டு. ஏழு மாதம்தான் ஆகிறது, நியூயார்க் கூட்டத்தின் முன்னால் தனிக் குரலில் அதைக் கேட்பது கனமான அனுபவம். ஆனால் நீளம்தான் இதன் பலம், நீளம்தான் பலவீனமும். ‘ஹார்வெஸ்ட்’ ஆல்பத்துப் பாடல்களில் ‘ஓல்டு மேன்’ மட்டுமே வந்திருக்கிறது. நீல் யங்கை ஏற்கெனவே நேசிக்கிறவர் ஒரு மாலை முழுக்க ஒதுக்கிக் கேட்கவேண்டிய பதிவு, புதிதாக வருகிறவர் பாதியில் எழுந்து போய்விடுவார்.

லாஸ் ஏஞ்சலஸ் பதிவுகள் இரண்டும் 2022 மேயில் வந்தன. ஜனவரி 30 ராய்ஸ் ஹால், பிப்ரவரி 1 டோரதி சாண்ட்லர் பவிலியன். ராய்ஸ் ஹாலுக்கு ஒரு பெருமை உண்டு: ‘ஹார்வெஸ்ட்’ ஆல்பத்தில் நாம் எல்லோரும் கேட்டிருக்கும் ‘தி நீடில் அண்ட் தி டேமேஜ் டன்’ ஸ்டுடியோவில் பதிவு செய்ததே அல்ல, அந்த இரவு அங்கே பாடியதுதான். 1973-இல் வந்த ‘டைம் ஃபேட்ஸ் அவே’ ஆல்பத்தின் ‘லவ் இன் மைண்ட்’ பாட்டும் அங்கிருந்து போனதே. அவற்றைச் சுற்றி என்ன பாடினார் என்று தெரிந்துகொள்ள ஒருமுறை கேட்கலாம். இதற்குள் பயணத்தில் பாடல் வரிசை படிந்துவிட்டது, கை தேர்ந்துவிட்டது, ஆச்சரியம் குறைந்துவிட்டது. டோரதி சாண்ட்லர் கச்சேரி திருட்டுப் பதிவுகளின் வரலாற்றில் பெரிய பெயர். எனக்கு அது ராய்ஸ் ஹாலின் தம்பியாகத்தான் ஒலிக்கிறது.

ஒரே பாட்டை வைத்து ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ‘டவுன் பை தி ரிவர்’ பாட்டைச் சொல்வேன். காய்ச்சலில் படுத்திருந்தபோது ஒரே நாளில் ‘சின்னமன் கேர்ள்’, ‘கவ்கேர்ள்’ இவற்றோடு சேர்த்து எழுதியது. 1969 ஆல்பத்தில் கிரேஸி ஹார்ஸுடன் ஒன்பது நிமிடத்துக்கு மேல், கிட்டார்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறும். தனியாகப் பாடும்போது நாலு நிமிடத்தில் முடிந்துபோகும். சோலோ போய்விட்டால் மிச்சம் இருப்பது ஒரு கொலை ஒப்புதல். கார்னகியில் கச்சேரியே இதில்தான் தொடங்குகிறது, பெரிய அரங்கை நோக்கி அறிவிப்பது மாதிரி இருக்கிறது. செல்லர் டோரில் பக்கத்தில் இருப்பவரிடம் தாழ்ந்த குரலில் சொல்வது மாதிரி. மாஸி ஹாலில் இரண்டுக்கும் நடுவில், பாட்டின் கடைசியில் குரல் கொஞ்சம் உடைகிற மாதிரி இருக்கும், அது நிஜமா என் காதின் ஆசையா என்று இன்னும் எனக்குத் தீர்மானமாகவில்லை. ஷேக்ஸ்பியரில் மெதுவாக ஓடுகிற ஆறு.

வாங்குவது பற்றி: ஸ்ட்ரீமிங்கில் கேட்டாலே போதும், மாஸி ஹாலின் பதிவுத் தரம் அப்படி. எல்பி ஆசை இருந்தால் மாஸி ஹாலும் செல்லர் டோரும் மட்டும் வாங்குங்கள், வந்ததும் பிரித்துத் தட்டு நேராக இருக்கிறதா என்று அன்றே பாருங்கள், எனக்கு ஒரு கடையிலிருந்து வந்தது அப்பளம் மாதிரி வளைந்திருந்தது, திருப்பி அனுப்புவதற்குள் கெடு முடிந்துவிட்டது. ‘யங் ஷேக்ஸ்பியர்’ என்றால் படத்தோடு இருக்கும் பதிப்பாகப் பார்த்து எடுங்கள், படம் இல்லாமல் வாங்கினால் அதன் பாதி காரணம் போய்விடும்.

ஆக என் வரிசை: முதலில் மாஸி ஹால், விளக்கை அணைத்துவிட்டு, ஒரே மூச்சில். பிடித்திருந்தால் அடுத்த வாரம் செல்லர் டோர். அப்புறம் ஷேக்ஸ்பியர் படம். கார்னகி ஒரு நீண்ட விடுமுறை நாளுக்கு. மற்ற இரண்டும் எப்போது வேண்டுமானாலும். எனக்கு மிச்சம் இருக்கிற ஒரே ஆசை, செல்லர் டோரின் ஆறு கச்சேரிகளையும் வெட்டாமல் ஒட்டாமல், பேச்சு, இருமல், கண்ணாடி டம்ளர் சத்தம் எல்லாவற்றோடும் அப்படியே ஒருநாள் வெளியிட்டுவிட வேண்டும் என்பது. அப்படி வந்தால் மாஸி ஹாலின் முதலிடத்தை நானே மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்.